பால்மரமும் மிதிவண்டியும்

மிதிவண்டியில் ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுவோர் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று: தூரம் எவ்வளவு, வெயில் எத்தகையது, இரவில் தங்குமிடம் யாது? பிரான்சின் தென்பகுதியிலும் ஸ்பெயினின் ரியோகா வட்டாரத்திலும் இக்கேள்விகளுக்கு விடை காண்பது எளிது. திராட்சைக்கு வேண்டியது வெப்பமும் வறட்சியும் மிக்க கோடை. மிதிவண்டிக்காரருக்கும் அதுவே உகந்த காலம். ஆதலின் ஒரு திராட்சைத் தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மிதித்துச் சென்று, அந்தந்த மண்ணின் மதுவைச் சுவைத்து மீள்வது அங்குப் பழகிப்போன பொழுதுபோக்கு.

பேராக் மாநிலத்தில் வெப்பத்துக்குக் குறைவில்லை, வறட்சிதான் இல்லை. தைப்பிங் நகரம் மழைக்கே பெயர் பெற்றது. இங்குத் தோட்டம் என்ற சொல் தமிழர் நாவில் நெடுங்காலம் ரப்பர்த் தோட்டத்தையே குறித்தது. மது என்றால் அது தென்னங்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப் பகுதிகளில் மிதிவண்டிப் பயணம் மேற்கொள்ள விரும்புவோர் மேற்கூறிய மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்வது தகும்: இந்தச் சாலைகளில் மிதிவண்டிமீது அமர்ந்து செல்லும் உரிமை யாருக்கு இருந்தது?

வியப்பாகத் தோன்றினும், இக்கேள்வி ஒரு காலத்தில் வேலைநிறுத்தக் கோரிக்கையாகவே எழுந்தது. மலாயாத் தமிழர் வரலாற்றில் பால்மரமும் மிதிவண்டியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அப்பின்னலை அறிந்து செல்பவருக்குப் பேராக் சாலை வெறுஞ்சாலையாக இராது.

கோலகங்சாரில் ஒரு மரம்

வரலாறு தொடங்குமிடம் கோலகங்சார். பேராக் சுல்தானின் அரச நகரமாகிய அவ்வூரில், மாவட்ட அலுவலகத்துக்கு அருகே, வேலியிட்டுக் காக்கப்படும் முதிய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. மலாயாவில் முதன்முதலாக நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் எஞ்சியது அதுவே என்பர்.

அம்மரத்தின் தாயகம் பிரேசில் நாட்டு அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றி இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் சேர்ப்பித்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சில. நூற்றுக்கு நான்கு விதைகூட முளைக்கவில்லை. முளைத்த நாற்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன.

பேராக்கில் பிரிட்டிஷ் ஆதிக்கம் வேரூன்றி அப்போது நெடுநாள் ஆகவில்லை. 1874ஆம் ஆண்டில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறு ஆண்டிலேயே முதல் ரெசிடெண்டு பர்ச், பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். இத்தகைய கொந்தளிப்புக்குப் பின்னர்ப் பதவியேற்ற லோ, மிளகு, காப்பி, தேயிலை எனப் பலவகைப் பயிர்களைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வமுடையவர். எனினும் ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து மரமான பின்பும் அவற்றைத் தேடி வந்தார் எவருமிலர். தோட்ட முதலாளிகளின் கண் காப்பியின்மீதே இருந்தது. பால் இருந்தது, அதற்கு வாங்குவார் இல்லை. அந்த வாங்குவாரை உண்டாக்கியது மிதிவண்டி.

சக்கரம் கேட்ட ரப்பர்

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். அதன் பிறகும் ரப்பரின் பயன் காலணி, மழைச்சட்டை, இயந்திர உறுப்பு என்ற அளவிலேயே நின்றது. 1880களின் நடுவில்தான் இரு சக்கரமும் ஒரே அளவினவாய், சங்கிலியால் இயங்கும் இன்றைய வடிவ மிதிவண்டி இங்கிலாந்தில் கடைக்கு வந்தது. ஆனால் அதன் சக்கரத்தைச் சுற்றியிருந்தது திண்ம ரப்பர். கல் பாவிய தெருவில் அதில் ஏறிச் சென்றவரின் எலும்பு குலுங்கிற்று.

அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் செய்து பொருத்திப் பார்த்தார். 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கழற்றி மாட்டத்தக்க டயரை மிஷலின் சகோதரர்கள் 1891ஆம் ஆண்டில் கொணர்ந்தனர். பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் காட்டுத்தீயெனப் பரவிற்று. ஆண்களோடு பெண்களும் ஏறினர்; பணக்காரரோடு எழுத்தரும் ஆசிரியரும் ஏறினர். போர்டு கம்பெனியின் மலிவான மோட்டார் வண்டி 1908ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் உலகின் ரப்பர்ப் பசியைத் தூண்டிவிட்டதில் மிதிவண்டிக்கே முதலிடம்.

அப்பசிக்கு முதலில் இரையானவர் ஆப்பிரிக்கரும் அமேசான் பழங்குடியினரும் ஆவர். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியாட்சியிலிருந்த கொங்கோ நாட்டில், காட்டு ரப்பரைக் குறித்த அளவு கொணராத ஊர்கள் எரிக்கப்பட்டன; மக்கள் கைகளை இழந்தனர். ரோஜர் கேஸ்மெண்டின் அறிக்கை 1904ஆம் ஆண்டில் இக்கொடுமைகளை உலகறியச் செய்தது. ஐரோப்பியச் சோலைகளில் மெத்தென உருண்ட டயருக்குப் பின்னே இப்படியொரு விலை இருந்தது.

காட்டு ரப்பர் போதாதபோது தோட்ட ரப்பரின் காலம் பிறந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதன் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். காண்பவரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச்சொன்ன அவரைப் பலர் பித்தர் என்றனர். 1890களில் காப்பி விலை வீழ்ந்தபோது அந்தப் பித்தரின் பேச்சே தோட்ட முதலாளிகளுக்கு வழியாயிற்று. 1910ஆம் ஆண்டளவில் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. பேராக்கின் காடுகள் அழிந்து நிரைநிரையாகப் பால்மரங்கள் எழுந்தன.

மரம் நட்டால் போதுமா? சீவ ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்த கங்காணி முறை ஓங்கிற்று. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, உற்றாரையும் ஊராரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினான். தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களின் நிலமற்ற உழவர் பேராக்கின் லயங்களில் குடியேறினர். எங்கோ சுழன்ற சக்கரம் தங்களை இங்குக் கொணர்ந்ததென அவர்களிற் பெரும்பாலோர் அறிந்திருக்க வழியில்லை.

தோட்டத்து எல்லைக்குள்

தோட்டம் தனி நாடு போன்றது. பெரிய துரை, சின்னத் துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி எனப் படிப்படியாக அமைந்த உலகம் அது. வைகறை இருளில் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணிக்கை நடக்கும். பின் உளியும் வாளியும் ஏந்தி நிரைக்குச் செல்வர். குளிர்ந்த காலைப்பொழுதில்தான் பால் நன்கு சுரக்கும். வெயிலேறினால் ஒழுக்கு அடங்கும். மழை பெய்தால் பட்டை நனைந்து வெட்டு நின்றுபோகும், கூலியும் குறையும். நண்பகலுக்குப் பின் காண்டா வாளியில் பாலைச் சுமந்து நிலுவைக்குக் கொண்டுவருவர். தோட்டம் தனியார் நிலமாதலின் வெளியார் அதனுள் வர நிருவாகத்தின் இசைவு வேண்டும். உறவினரும் நண்பரும்கூட இக்கட்டுக்கு உட்பட்டனர்.

இவ்வுலகில் தொழிலாளிக்கு எளிதாகக் கிடைத்த இன்பம் கள். பல தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தது. கள் இல்லையேல் தொழிலாளர் கள்ளச்சாராயத்தை நாடுவர் என்பது நிருவாகத்தினர் கூறிய சமாதானம். சம்பளத்தின் ஒரு பகுதி அக்கடை வழியே கரைந்தது. அதனால் வாடியவை குடும்பங்கள்.

சம்பளத்தை மிச்சம் பிடித்தவன் வாங்க ஆசைப்பட்ட பொருள்களுள் ஒன்று சைக்கிள். நகரத்துச் சீனர் கடையில் ராலே, ஹெர்குலிஸ் போன்ற ஆங்கில வண்டிகளும், அவற்றினும் மலிவான ஜப்பானிய வண்டிகளும் கிடைத்தன. ஈயச் சுரங்கங்களுக்காகவும் ரப்பருக்காகவும் போடப்பட்ட பேராக்கின் தார்ச்சாலைகள் அக்காலத்தில் ஆசியாவின் நல்ல சாலைகளுள் வைத்து எண்ணப்பட்டன. வண்டி ஒன்று கையிலிருந்தால் விடுமுறை நாளில் ஈப்போவுக்குப் போகலாம், அடுத்த தோட்டத்திலுள்ள தங்கையைப் பார்த்து வரலாம், செய்தித்தாள் வாங்கலாம், கூட்டத்தில் பேச்சுக் கேட்டு வரலாம். கள்ளுக்கடை தொழிலாளியைத் தோட்டத்துக்குள் இருத்தியது. சைக்கிள் அவனைத் தோட்டத்துக்கு வெளியே அழைத்துச் சென்றது.

அவ்வாறு வெளியே சென்று கேட்கத்தக்க பேச்சுகளும் அப்போது எழுந்தன. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயா வந்து ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தார். சாதியும் மூடவழக்கமும் கடல் கடந்தும் தொடர வேண்டுமா என்ற வினா பேராக்கில் வெளிப்படையாக எழுப்பப்பட்டது. 1936ஆம் ஆண்டில் மலாயா இந்தியர் மத்திய சங்கம் தோன்றிற்று. 1937ஆம் ஆண்டில் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. தாயகத்தில் மூடப்பட்ட கள்ளுக்கடை இங்கு ஏன் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கவும் இடம் பிறந்தது.

இறங்கி நிற்கும் வழக்கம்

இந்நிலையில்தான் மிதிவண்டி பற்றிய அந்த வழக்கத்தைக் கருதவேண்டும். தோட்டச் சாலையில் தொழிலாளி ஒருவன் சைக்கிளில் வரும்போது எதிரே துரையோ தோட்டத்து அலுவலரோ தென்பட்டால், அவன் வண்டியை விட்டு இறங்கி நிற்கவேண்டும். துரை கடந்துபோன பின்னரே மீண்டும் ஏறலாம். அவன் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி அது. ஆயினும் அதன்மீது அமர்ந்திருக்கும் நிலையே மேலதிகாரியை அவமதிப்பதாகக் கருதப்பட்டது.

இவ்வழக்கத்தைத் துரைமார் மட்டுமே புதிதாகப் படைத்தனர் என்று கூறுவது முழு உண்மையாகாது. மேல்சாதியார் தெருவில் கீழ்ச்சாதியார் எனப்பட்டோர் செருப்பணிந்து நடத்தலாகாது, தோளில் துண்டிடலாகாது என்ற கட்டுப்பாடுகள் தமிழகச் சிற்றூர்களில் இருந்தவையே. மிதிவண்டி பரவியபோது அதையும் அத்தெருக்களில் உருட்டிக்கொண்டே செல்லவேண்டும் என்ற கட்டும் சில ஊர்களில் எழுந்தது. கப்பலேறி வந்த தமிழர் எதை விட்டு வந்தோம் என்று எண்ணினரோ, அது துரைத்தனத்தின் வடிவில் தோட்ட வாயிலில் எதிர்கொண்டது. தாழ்ந்து நிற்கும் உடலைக் கண்டால்தான் தன் உயர்வை உணரும் மனம் எந்த நாட்டுக்கும் தனியுரிமை அன்று.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் பேராக்கின் தெற்கே உள்ள சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு முதன்மையானது. ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளர் பெறும் கூலியே தமக்கும் வேண்டும் என்றனர். ஆனால் பட்டியல் அத்துடன் நிற்கவில்லை. நல்ல மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களுக்குத் தொல்லை தருவதை நிறுத்துதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல், பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையும் கேட்கப்பட்டன. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்று ஒரு கோரிக்கை. மேலாளர் முன்னும் அலுவலர் முன்னும் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல விடவேண்டும் என்று மற்றொரு கோரிக்கை.

கூலிக் கணக்கு மட்டும் பார்ப்போருக்கு இக்கடைசிக் கோரிக்கை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். முதலாளிமாருக்கோ அதுவே பெருங்கவலை தந்திருக்க வேண்டும். கூலியைச் சில காசு உயர்த்தினால் இலாபம் குறையும். மீண்டும் ரப்பர் விலை ஏறினால் அது ஈடாகிவிடும். தொழிலாளி இறங்காமலே தன்னைக் கடந்து செல்ல இசைந்தால் தோட்டத்தின் படிநிலையே குலையும். தொழிலாளரும் இதை நன்கு உணர்ந்தே கேட்டனர். உணவுக்கும் கூலிக்கும் கேட்ட அதே மூச்சில் மானத்துக்கும் கேட்டனர்.

அரசு மே மாதத்தில் நாதனைக் கைது செய்து பின்னர் நாடு கடத்தியது. கைதை எதிர்த்துத் தோட்டந்தோறும் கிளர்ச்சி பரவிற்று. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. துரையைக் கண்டால் இறங்கும் கட்டாயம் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. ஏழே மாதங்களில் அத்துரைமாரே தோட்டங்களை விட்டு ஓடவேண்டிய காலம் வந்தது. அவர்களைத் துரத்தி வந்தோரும் மிதிவண்டியிலேயே வந்தனர்.

சைக்கிளில் வந்த படை

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவிலும் தாய்லாந்தின் தென்கரையிலும் இறங்கிற்று. மலாயாவின் மேற்குச் சாலைவழியே தெற்கு நோக்கி அது பாய்ந்த வேகம் உலகையே திகைக்க வைத்தது. டிவிஷன் ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் கொடுக்கப்பட்டிருந்தன என்று அப்போரின் திட்டம் வகுத்தோரில் ஒருவரான மசானொபு சூஜி பின்னாளில் எழுதினார். பிரிட்டிஷார் பின்வாங்கும்போது ஆற்றுப் பாலங்களைத் தகர்த்துச் சென்றனர். மோட்டார் வண்டிகள் கரையில் நின்றன. ஜப்பானிய வீரரோ சைக்கிளைத் தோளிலேற்றி ஆற்றைக் கடந்து மறுகரையில் மீண்டும் ஏறினர். பழுதுற்றால் உதிரி உறுப்புக்குப் பஞ்சமில்லை. அவர்தம் நாட்டு வண்டிகள் முன்பே மலாயாவெங்கும் விற்கப்பட்டிருந்தன.

ஜப்பானியப் படை டிசம்பர் இறுதியில் பேராக் ஆற்றைக் கடந்து, 28ஆம் நாளளவில் ஈப்போவைப் பிடித்தது. ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரில் டிசம்பர் 30 முதல் சனவரி 2 வரை கடும்போர் நடந்தது. அங்கு எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையில் பஞ்சாப் வீரரும் இருந்தனர். மேட்டு நிலத்தைப் பிடித்து நான்கு நாள் தாக்குப்பிடித்த பின்னரே அப்படை பின்வாங்கிற்று. 1942 சனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் இரவோடிரவாகத் தடைகளை ஊடுருவின. பழைய சாலையின் வளைவுகள் ரப்பர்க் காட்டினுள் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவை தடைகளைச் சுற்றிச் செல்ல அவற்றுக்கு உதவின. தோட்டத்துக்காக வந்த சாலையே பகைவனுக்கும் வழிகாட்டியது.

வெப்பத்தில் டயர்கள் வெடித்தன. ஒட்டிக்கொண்டிருக்க நேரமில்லாதபோது வீரர்கள் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின்மீதே ஓட்டினர். நூற்றுக்கணக்கான வளையங்கள் தார்ச்சாலையில் எழுப்பிய ஓசையை இருளில் கேட்டோர் டாங்கிகள் வருகின்றன என்றே மயங்கினர் என்றும் சூஜி குறித்துள்ளார். உலகுக்கெல்லாம் ரப்பர் வழங்கிய நாட்டின் நடுவே, இருபுறமும் பால்மரங்கள் நிற்க, ரப்பர் இல்லாச் சக்கரங்கள் உருண்டன.

ஆட்சி மாறியதால் தோட்டத் தமிழர் துயர் தீரவில்லை; பெருகிற்று. ரப்பர் ஏற்றுமதி நின்று வேலை போயிற்று. சயாம்–பர்மா ரயில்பாதைக்குப் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டு நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். ஆயினும் ஒன்று மாறிவிட்டது. தாம் இறங்கி நின்று வணங்கிய துரைமார் ஓடியதைத் தொழிலாளர் கண்ணாரக் கண்டனர். 1945ஆம் ஆண்டில் துரைமார் திரும்பி வந்தபோது பழைய அச்சம் திரும்பி வரவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் தொண்டர் படை இளைஞர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். 1941ஆம் ஆண்டுப் பட்டியல் மறக்கப்படவில்லை என்பதற்கு அம்மறியல் சான்று.

சுங்கை சிப்புட்

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் வட்டாரம் பேராக் வரலாற்றில் இரு காரணங்களால் நினைக்கப்படுவது. 1948 சூன் 16ஆம் நாள் காலை எல்பில் தோட்டத்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்த மூவர் மேலாளர் ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றனர். அதே காலையில் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்தில் இரு ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960ஆம் ஆண்டு வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்ட வாயில்களில் முள்வேலியும் காவலும் எழுந்தன. காட்டிலிருந்தோருக்கு அரிசி செல்கிறதா என்று பால்வெட்டுக்குப் போவோரும் அவர்தம் சைக்கிளும் சோதிக்கப்பட்டனர். தொழிலாளி மீண்டும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டியதாயிற்று. இம்முறை துரைக்காக அன்று, துப்பாக்கி ஏந்திய காவலருக்காக.

மற்றொரு காரணம் ஆக்கம் சார்ந்தது. பின்னாளில் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் சம்பந்தன் 1919ஆம் ஆண்டில் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். 1954ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் அங்கு எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை விசயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். விடுதலைக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றினர். பல தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தோர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆகலாம். அப்பணத்தில் தோட்டத்தையே வாங்கலாம். 1961ஆம் ஆண்டில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிற்று. துரையின் எதிரே இறங்காமல் செல்லும் உரிமையைக் கேட்ட தொழிலாளர், இருபதே ஆண்டுகளில் துரையின் நிலத்துக்கே பங்குதாரர் ஆயினர்.

ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காக்க இயலவில்லை. 1960களுக்குப் பின் பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை பெருகிற்று. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தனர். சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தது. பல லயங்கள் இன்று இடிந்து கிடக்கின்றன. சில இடங்களில் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டுமே அங்குத் தமிழர் வாழ்ந்ததைச் சொல்லி நிற்கின்றன.

பயணத் திட்டம்

இவ்வளவையும் மனத்திற்கொண்டு ஒருவர் மிதிவண்டிப் பயணம் திட்டமிடுவாராயின், அவர் தொடங்கவேண்டிய இடம் கோலகங்சாரின் முதுமரத்தடி. அங்கிருந்து சுங்கை சிப்புட் வழியாக ஈப்போ ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு இடமில்லை. அது வந்தபின் பெரும் போக்குவரத்து அங்கே திரும்பிவிட்டமையால், படைகள் வந்த பழைய கூட்டரசுச் சாலையே மிதிப்போருக்கு உரியது. ஈப்போவில் முதல் இரவைக் கழிக்கலாம். சுண்ணாம்புக் குன்றின் அடியிலுள்ள கல்லுமலைச் சுப்பிரமணியர் கோவில் அங்குக் காணத்தக்கது. தைப்பூசத்தன்று சுற்றுவட்டாரத் தமிழர் ஒன்றுகூடுமிடம் அது.

மறுநாள் பத்து காஜாவுக்குச் சென்று கோப்பெங் சாலையில் திரும்பினால் கெல்லி மாளிகை எதிர்ப்படும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தம் தோட்டத்தில் எழுப்பத் தொடங்கி, 1926ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது அது. அதைக் கட்ட வந்த தமிழருள் பலர் 1918ஆம் ஆண்டையொட்டிப் பரவிய கொள்ளைக்காய்ச்சலில் மாண்டனர். அருகிலுள்ள மாரியம்மன் கோவிலைத் தொழிலாளருக்காக அவரே கட்டிக்கொடுத்தார். அக்கோவிலின் கூரைச் சிற்பங்களுள் துரையின் உருவமும் ஒன்று. மாளிகையைப் பார்ப்போர் கோவிலையும் பார்த்தல் வேண்டும். கட்டியவர் நினைவு அங்கேதான் இருக்கிறது. பின் கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் எனச் சாலை தெற்கே இறங்குகிறது. கம்பாரில் போர் நடந்த மேட்டைக் கண்டு இரண்டாம் நாளை முடிக்கலாம். மூன்றாம் நாள் சிலிம் ரிவர் வரை செல்லலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை பால்வெட்டுக்காரரின் வழக்கமே சிறந்த வழிகாட்டி. விடியுமுன் புறப்பட்டு நண்பகலுக்குள் ஊர் சேர்தல் நலம். பிற்பகலில் இடியுடன் மழை வருவது இங்கு இயல்பு. கோடையை நம்பித் திட்டமிடும் திராட்சை நாட்டுப் பழக்கம் பேராக்கில் உதவாது.

பெண்களும் இப்பயணத்தில் சேரலாமா என்று ஒருகாலத்தில் கேட்டிருப்பர். அதற்குத் தமிழகத்தின் புதுக்கோட்டை விடை அளித்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கற்பித்தபோது, கல்லுடைப்போரும் வயல் வேலை செய்வோருமாகிய பல்லாயிரம் பெண்கள் ஏளனத்தைப் பொருட்படுத்தாது அம்மாவட்டச் சாலைகளில் ஓட்டிச் சென்றனர். ஏறி அமர்வதற்கு எவர் இசைவையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கிள்ளான் தோட்டத் தொழிலாளர் கேட்டதும் புதுக்கோட்டைப் பெண்கள் எடுத்துக்கொண்டதும் ஒரே உரிமைதான்.

பயணத்தின் இடையே, செம்பனை நிழலில், பழைய தோட்டத்தின் பெயர் மங்கிய பலகையோடு ஒரு வாயில் தென்படும். உள்ளே செல்லும் செம்மண் பாதையில் எதிரே ஒரு வண்டி வரலாம். அதில் மேலாளரே இருக்கலாம். மிதிவண்டிக்காரர் சற்று ஒதுங்கி வழிவிட்டு, இருக்கையை விட்டு இறங்காமலே கடந்து போவார். 1941ஆம் ஆண்டில் இதைக் கேட்பதற்கு ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.